சர்வர் வாசலில் யார் தட்டுகிறார்கள்? ஃபெயில்2பேன் அமைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் போகும் கோயிலுக்கு ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. மாதம் கொஞ்சம் ராண்ட் கட்டி வாடகைக்கு எடுத்தது. தைப்பூசம் நெருங்கினால் காவடி எடுப்பவர்களின் பதிவு முழுக்க அதில்தான் நடக்கும். பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதுவரை எல்லாம் அதற்குள் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை கோயில் செயலாளர் அண்ணன் கேட்டார்: "தம்பி, இதை யாராவது உடைச்சு உள்ள வரப் பார்த்தா நமக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லாமல் லேப்டாப்பைத் திறந்து சர்வரின் லாக் கோப்பைக் காட்டினேன். திரை ஓடிக்கொண்டே இருந்தது. ரூட், அட்மின், டெஸ்ட் என்று யாரோ ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா நடக்குது?" என்றார். சர்வர் வாங்கிய நாளிலிருந்தே நடக்கிறது. எல்லாம் எழுதப்பட்டும் இருக்கிறது. நாங்கள்தான் வாசிக்கவில்லை.

டர்பனில் எந்தக் குடியிருப்பு வளாகத்துக்குள் காரில் போனாலும் கேட்டில் காவலாளி ஒரு நோட்டை நீட்டுவார். பெயர், கார் நம்பர், எந்த வீடு, எத்தனை மணி. லாக் கோப்பு என்பது அந்த நோட்டுதான். அதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரிக்கு வரி வாசித்து, ஒரே ஆள் ஐந்து முறை தப்பான பெயர் சொன்னால் கேட்டைச் சாத்திவிடும் ஆள் ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்வதற்குத்தான் ஃபெயில்2பேன் என்ற நிரல். பைத்தானில் எழுதியது, இலவசம், பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும். இப்படிப் பின்னணியில் ஓடும் நிரலை டீமன் என்பார்கள்.

இந்தப் பதிவு உபுண்டு அல்லது டெபியன் என்ற இயங்குதளம் ஓடும் சர்வர் வைத்திருக்கும், கருப்புத் திரையைப் பார்த்தால் கை நடுங்கும் புதியவர்களுக்கு. உபுண்டு என்பது இங்கே நம்மைச் சுற்றி ஸூலு பேசுபவர்களின் வாயில் தினமும் புழங்கும் சொல், மனிதம் என்று பொருள். வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004 அக்டோபரில் முதல் வெளியீட்டைக் கொண்டுவந்தார். எங்கள் நாட்டுச் சொல்லைப் பெயராகத் தாங்கிய சிஸ்டம் என்பதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஒரு விஷயம். கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் கீபோர்டில் அடிக்கும்போது ஆங்கிலத்தில், நான் தனியாகச் சொல்லாதவரை சின்ன எழுத்தில் அடியுங்கள். சூடோ என்றால் எஸ், யூ, டி, ஓ, நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். வார் என்பது வேரியபிள் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து. ஆத் என்பது ஆத்தென்டிகேஷன் என்பதன் முதல் நான்கு எழுத்து. எட்ஸி என்பது எட்செட்ராவின் மூன்றெழுத்துச் சுருக்கம். சிடிஎல் என்பது கன்ட்ரோலின் மூன்றெழுத்துச் சுருக்கம்.

முதல் படி: நீங்களே வாசியுங்கள்

பலரும் இதைத் தாண்டிவிட்டு நேரே இன்ஸ்டால் செய்யப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அதை வாசிக்க ஆள் வைத்தால், அந்த ஆள் சரியாக வாசிக்கிறாரா என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

சர்வருக்குள் நுழைந்து இதை அடியுங்கள்:

சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/ஆத்.லாக்

டெயில் என்றால் வால். கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும். எஃப் சேர்த்தால் புது வரி வர வர அதையும் காட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு கன்ட்ரோலும் சி எழுத்தும். டெபியன் 12-இல் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொன்னால் பயப்படாதீர்கள். அங்கே லாக் எல்லாம், பின்னணி நிரல்களை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னலுக்குள் போய்விடுகிறது. அதற்கு:

சூடோ ஜர்னல்சிடிஎல் -யூ எஸ்எஸ்ஹெச் -எஃப்

ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். இப்படி ஒரு வரி வரும்:

ஃபெயில்ட் பாஸ்வேர்ட் ஃபார் இன்வேலிட் யூசர் அட்மின் ஃப்ரம் 203.0.113.45 போர்ட் 51234 எஸ்எஸ்ஹெச்2

இந்த ஒரு வரியைப் பிரித்து வாசிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பாஸ்வேர்ட் தப்பு. இன்வேலிட் யூசர் என்றால் அட்மின் என்ற பெயரில் இந்த சர்வரில் ஆளே கிடையாது. ஃப்ரம் என்பதற்குப் பிறகு வருவது தட்டியவரின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அவருடைய இணைப்புக்கு உள்ள எண். போர்ட் 51234 என்பது அவர் பக்கத்துக் கதவு எண், நம் பக்கத்தில் அவர் தட்டியது, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான 22. நான் இங்கே போட்டிருக்கும் ஐபி, உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்த வரிசையில் உள்ளது, யாருடையதும் அல்ல.

அவர்கள் முயன்று பார்க்கும் பெயர்களைக் கவனியுங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, போஸ்ட்கிரஸ். நம் கோயிலைத் தெரிந்து யாரும் வரவில்லை. இணையத்தில் உள்ள எல்லாக் கதவையும் ஒரு இயந்திரம் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறது. "நம்ம கோயில் மேல யாருக்கு இவ்வளவு பகை?" என்று அண்ணன் கேட்டார். பகையே இல்லை. அதனாலேயே, நாம் சின்னவர்கள், நம்மை யார் சீண்டப் போகிறார்கள் என்று நினைத்து இருந்துவிடவும் முடியாது.

மொத்தம் எத்தனை என்று எண்ண:

சூடோ கிரெப் -சி "ஃபெயில்ட் பாஸ்வேர்ட்" /வார்/லாக்/ஆத்.லாக்

ஃபெயில்ட் என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. வரும் எண் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

மணியைச் சரி செய்யுங்கள்

வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். தென்னாப்பிரிக்கா அதைவிட 2 மணி நேரம் முன்னால். லாக்கில் இரவு 22:14 என்று இருந்தால் டர்பனில் அப்போது நள்ளிரவு தாண்டி 00:14, தேதியே மாறிவிட்டது. நடு ராத்திரியில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்களே என்று பதறிப் பார்த்தால், அதிகாலை 5 மணிக்கு நாமே செய்த வேலை 03:00 என்று பதிவாகியிருக்கும்.

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஜோன் ஆஃப்ரிக்கா/ஜோஹனஸ்பர்க்

இரண்டு இடப் பெயருக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து. மாற்றியதும் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்ஸ்டால்

இது இரண்டே வரி:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபெயில்2பேன்

நடுவில் 2 என்பது எண்தான், இடைவெளி கிடையாது. அப்டேட் வரியை விட்டுவிடாதீர்கள். உபுண்டு 24.04 வந்த புதிதில், பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்ட ஒரு பகுதியை நம்பியிருந்ததால் ஃபெயில்2பேன் எழுந்திருக்கவே மறுத்தது. பிறகு திருத்தம் வந்துவிட்டது. பழைய பட்டியலை வைத்து இன்ஸ்டால் செய்தால் அந்தப் பழைய தொல்லை உங்களுக்கும் வரலாம்.

ஜெயில்.லோக்கல்

ஃபெயில்2பேனில் மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். ஃபில்டர் என்பது எந்த மாதிரி வரியைத் தேட வேண்டும் என்ற விதி. ஆக்‌ஷன் என்பது அகப்பட்டால் என்ன செய்வது என்பது, பெரும்பாலும் எந்த இணைப்பை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் அந்த ஐபியைத் தடுப்பது. இந்த இரண்டையும் ஒரு லாக்கோடு சேர்த்துக் கட்டினால் அது ஜெயில். எஸ்எஸ்ஹெச்சுக்கு ஒரு ஜெயில், வலைத்தள லாகினுக்கு ஒரு ஜெயில் என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஜெயில்.கான்ஃப் என்று ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கும். அதில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் நீங்கள் எழுதியது அழிந்து போகலாம். பக்கத்திலேயே சொந்தமாக ஒன்று உண்டாக்குங்கள்:

சூடோ நானோ /எட்ஸி/ஃபெயில்2பேன்/ஜெயில்.லோக்கல்

அதற்குள்:

[டிஃபால்ட்]
பேன்டைம் = 3600
ஃபைண்ட்டைம் = 600
மேக்ஸ்ரீட்ரை = 5
இக்னோர்ஐபி = 127.0.0.1/8 ::1

[எஸ்எஸ்ஹெச்டி]
எனேபிள்ட் = ட்ரூ

டிஃபால்ட் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. எஸ்எஸ்ஹெச்டியின் கடைசி டி டீமனைக் குறிக்கும், விட்டுவிடாதீர்கள். எண்கள் எல்லாம் வினாடிக் கணக்கு. 600 வினாடிக்குள், அதாவது 10 நிமிடத்துக்குள், ஒரே ஐபியிலிருந்து 5 முறை தோற்றால் 3600 வினாடி, ஒரு மணி நேரம் தடை. ஃபெயில்2பேனோடு வரும் இயல்பான தடை 10 நிமிடம்தான். எனக்கு அது போதவில்லை. நிரந்தரத் தடையும் வேண்டாம். ஐபி முகவரிகள் கை மாறிக்கொண்டே இருக்கும், மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்ந்துகொள்வார்கள். இன்று தட்டிய இயந்திரத்தின் முகவரியில் நாளை ஒரு நல்ல மனிதர் இருக்கலாம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மட்டும் தடை நீள வேண்டும் என்றால் டிஃபால்ட் பகுதியில் பேன்டைம்.இன்க்ரிமென்ட் = ட்ரூ என்று ஒரு வரி சேருங்கள்.

ஆத்.லாக் இல்லாத டெபியன்காரர்கள், எஸ்எஸ்ஹெச்டியின் கீழே பேக்எண்ட் = சிஸ்டம்டி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத நோட்டைத் தேடி டீமன் எழும்போதே விழுந்துவிடும்.

கன்ட்ரோலும் ஓவும் அழுத்தி, என்டர் தட்டிச் சேமியுங்கள். கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தி வெளியே வாருங்கள். அப்புறம்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் ஃபெயில்2பேன்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஃபெயில்2பேன்

இக்னோர்ஐபி பற்றி எனக்கு நேர்ந்தது

இக்னோர்ஐபி என்பது எத்தனை முறை தோற்றாலும் தடுக்கக் கூடாதவர்களின் பட்டியல். மேலே நான் போட்டிருப்பது சர்வர் தன்னைத்தானே கூப்பிடும் முகவரி மட்டும். உங்கள் வீட்டு ஐபியையும் சேருங்கள் என்று நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். நானும் சேர்த்தேன்.

அது லோட் ஷெடிங் என்று நாங்கள் சொல்லும் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023. எங்கள் தெருவில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் போகும். கரண்ட் வந்து ரூட்டர் எழும்போது ஒவ்வொரு தடவையும் புது ஐபி வாங்கிக்கொள்ளும். இது தெரிந்த விஷயம்தான், ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அந்த வாரம் சர்வர் பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தேன். வீட்டு மேசைக் கணினியில் பேக்கப் எடுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் பழைய பாஸ்வேர்டோடு ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தது, ரூட்டர் புது ஐபியோடு எழுந்தது, ஸ்கிரிப்ட் பழைய பாஸ்வேர்டை ஐந்து முறை நீட்டியது. கேட் சாத்தப்பட்டது. காவடிப் பதிவு மூட இரண்டு நாள் இருக்கும்போது என் சொந்த வீட்டிலிருந்து என்னால் சர்வருக்குள் போக முடியவில்லை. வாடகை நிறுவனத்தின் வலைத்தளத்தில், எஸ்எஸ்ஹெச் இல்லாமலே சர்வரின் திரையைத் திறக்கும் கன்சோல் வழியாகத்தான் உள்ளே நுழைந்து தடையை எடுத்தேன்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. நான் நம்பிக்கைப் பட்டியலில் போட்டிருந்த பழைய ஐபி இப்போது யாரோ முன்பின் தெரியாதவருடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம் என்று அவருக்கு நானே அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே மாறாத ஐபி காசு கொடுத்து வாங்கியிருந்தால் மட்டும் சேருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தைச் சும்மா விடுங்கள். கன்சோல் வழி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

வேலை செய்கிறதா?

சூடோ ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்ஹெச்டி

எத்தனை தோல்வி, இப்போது எத்தனை பேர் தடையில், அவர்களின் ஐபி என்னென்ன என்று காட்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலே சிலர் உள்ளே இருப்பார்கள்.

ஆனாலும் கையால் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். லேப்டாப்பில் சர்வரோடு ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, ஒரு எஸ்எஸ்ஹெச் ஆப் மூலம் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டை அடியுங்கள். சில முறைக்குப் பிறகு இணைப்பு அறுந்தால் மறுபடி இணைந்து தொடருங்கள். ஐந்தாவது தோல்விக்குப் பிறகு இணைப்பே மறுக்கப்படும். அதே நேரம் லேப்டாப் ஜன்னலில் /வார்/லாக்/ஃபெயில்2பேன்.லாக் கோப்பை டெயில் போட்டுப் பார்த்தால் ஃபவுண்ட், ஃபவுண்ட் என்று வரிசையாக வந்து கடைசியில் பேன் என்று ஒரு வரி விழும். அண்ணனுக்கு இதைக் காட்டியபோது அவரே போனை வாங்கி இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

தடையை எடுக்க:

சூடோ ஃபெயில்2பேன்-கிளையன்ட் செட் எஸ்எஸ்ஹெச்டி அன்பேன்ஐபி 203.0.113.45

எண்ணுக்குப் பதில் உங்கள் போனின் ஐபி. இந்தத் தடை எஸ்எஸ்ஹெச் கதவுக்கு மட்டும்தான், அதே ஐபியிலிருந்து கோயில் வலைத்தளத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

இது பார்க்காதது எது

ஃபெயில்2பேன் தோற்றவர்களை மட்டுமே எண்ணுகிறது. அதுவும் ஒரே ஐபியிலிருந்து, குறித்த நேரத்துக்குள். நூறு ஐபிகளிலிருந்து மணிக்கு ஒன்றாகத் தட்டினால் யாருமே ஐந்தைத் தொட மாட்டார்கள். இதற்கு மருந்து பாஸ்வேர்டையே ஒழிப்பதுதான். உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டி இடி25519 என்று அடித்து (கோட்டுக்குப் பின் வரும் டி டைப் என்பதன் முதல் எழுத்து, இடியில் உள்ளது டீமனின் முதல் எழுத்து) ஒரு சாவி, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் காட்டும் கோப்பு, உண்டாக்குங்கள். எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி மூலம் சர்வரில் சேர்த்து, சாவியோடு உள்ளே போக முடிகிறது என்று உறுதி செய்த பிறகு, எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன் என்ற வரியை நோ என்று மாற்றி எஸ்எஸ்ஹெச்சை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில வாடகை சர்வர்களில் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்ற அடைவுக்குள் இருக்கும் இன்னொரு கோப்பு யெஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கும், முதலில் வாசிக்கப்படுவதுதான் செல்லும். சூடோ எஸ்எஸ்ஹெச்டி -டி என்று பெரிய எழுத்து டி (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து, டீமனுடையது அல்ல) போட்டால் உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. திருடிய பாஸ்வேர்டோடு முதல் தடவையே சரியாக நுழைபவர் ஒரு தோல்வி வரிகூட விட்டுப்போக மாட்டார். அவர் விட்டுப்போவது இந்த வரி:

அக்செப்டட் பாஸ்வேர்ட் ஃபார் ...

சாவியோடு வந்தால் அக்செப்டட் பப்ளிக்கீ. தோற்றவர்களை டீமன் பார்த்துக்கொள்ளட்டும், ஜெயித்தவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். நான் தினமும் காலையில் டீ குடிக்கும்போது இதை அடிக்கிறேன்:

சூடோ கிரெப் "அக்செப்டட்" /வார்/லாக்/ஆத்.லாக்

அக்செப்டட் என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. எங்கள் சர்வரில் ஒரு நாளைக்கு நான்கைந்து வரிதான். ஒவ்வொன்றுக்கும் இது யார், எதற்கு வந்தார் என்று சொல்ல முடிய வேண்டும். 1986-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம், கணினிக் கணக்கில் 75 செண்ட் உதைக்கிறது, பார் என்று கொடுத்தார்கள். அந்த 75 செண்டை அவர் விடாமல் துரத்தினார், அது ஜெர்மனியின் ஹனோவரில் இருந்து ராணுவக் கணினிகளைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவரில் போய் முடிந்தது.

ஒரு வரிக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், எதையும் அழிக்காதீர்கள். உள்ளே வந்தவர் லாக்கையும் அழிக்கக்கூடும், ஆகவே உடனே ஆத்.லாக்கையும் அதன் பழைய பிரதிகளையும் வேறு கணினிக்கு நகலெடுங்கள். உபுண்டு வாரம் ஒருமுறை லாக்கைச் சுழற்றி நான்கு பழைய பிரதிகளை வைத்திருக்கும், அதற்கு முந்தியது போய்விடும். சர்வரை அப்படியே ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து முழு நகல், எடுத்து வைத்துவிட்டு, பாஸ்வேர்ட், சாவி எல்லாவற்றையும் மாற்றுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த சர்வரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை நிறுவுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. போபியா என்று நாம் சொல்லும் 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு இணங்கி நடப்பது 2021 ஜூலை 1 முதல் கட்டாயம். கோயில், சங்கம் என்றால் விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களின் விவரங்களை அனுமதி இல்லாத ஒருவர் பார்த்துவிட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், 22-ஆம் பிரிவின்படி தகவல் ஒழுங்காற்றுநருக்கும் அந்த மக்களுக்கும் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். எப்போது நுழைந்தார், எந்தக் கணக்கில் நுழைந்தார் என்று அவர்கள் கேட்கும்போது கையில் இருக்கப்போவது நகலெடுத்து வைத்த அந்த லாக்தான்.

இப்போது கோயில் அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. சர்வருக்குள் யார் எந்த நாள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று நானும் காவடிப் பதிவைப் பார்க்கும் இரண்டு பிள்ளைகளும் எழுதி வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் அக்செப்டட் வரிகளை ஒவ்வொன்றாக வாசிப்பேன், அவர் நோட்டில் டிக் போடுவார்.